சோப்புத் தண்ணீர் ஊற்றாத சின்னம்மா

நம் தோட்டத்து ஒன்றுகூடல் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூட மணி, பால்மரம், திருவிழா என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் சின்னம்மாவின் சாணி அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் இளையவருக்கே அறுபது தாண்டிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் படிப்பதற்கு நீங்களும் இருக்க மாட்டீர்கள், எழுதுவதற்கு நானும் இருக்க மாட்டேன்.

சாணி அடுப்பு என்றதும் உங்களில் பாதிப் பேர் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். "சோப்பு ஊத்தி அடுப்ப அணைச்சாங்களே, அந்தச் சின்னம்மாதானே!" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் அது. அதற்கு நாலைந்து வருடம் முன்பே கோத்தா திங்கிச் சாலையில் இருந்த நம் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். வேலை போகாது என்று துரை சொன்னதால் பெரியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். விறகு போய்விடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சாய்த்த ரப்பர் மரம் ஒரு வருடத்துக்குத் தாராளமாக எரிந்தது. அதன்பின் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் ஓடையைத் தாண்டிக் காட்டோரம் வரை நடக்க வேண்டி வந்தது. செம்பனை மட்டையை எரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சோறு வேகவைப்பதற்கு முன் கண்ணைப் பொசுக்கிவிடும். அந்தப் புகைக்கு என் அம்மா இருமிய இருமலை இப்போதும் தனியாக அடையாளம் சொல்வேன்.

சின்னப்பா தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். லயத்தின் கடைசியில், ஓடை வளைகிற இடத்தில், அவரும் சின்னம்மாவும் ஆறு மாடு வைத்திருந்தார்கள். பக்கத்தில் கத்தரி, பயற்றங்காய், கங்கோங் கீரை. கீழே ஒரு மீன் குளம். ஓடைக்கு அப்பால் பன்றி வளர்த்த சீன முதலாளி (தவுக்கே என்போம்) ஒருவர், பன்றிச் சாணத்தைத் தொட்டியில் ஊறவைத்து, அதிலிருந்து வரும் காற்றில் அடுப்பு எரித்துக்கொண்டிருந்தார். சின்னப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாளே மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பன்னிச் சாணியில எரிஞ்சா மாட்டுச் சாணியில எரியாதா?" என்றார்.

"எரியும் எரியும். மொதல்ல குழிக்குள்ள நீங்க விழாம வெட்டுங்க" என்றார் சின்னம்மா.

செங்கல் வைத்துச் சிமெண்டு பூசிய ஆழமான தொட்டி. அதன்மேல் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டி ஒட்டிச் செய்த பெரிய பீப்பாய் ஒன்று கவிழ்ந்து மிதந்தது. உள்ளே காற்று சேரச் சேரப் பீப்பாய் மேலே எழும். அதன் தலையிலிருந்து ஒரு குழாய் அடுப்பங்கரைக்குப் போகும். முதலில் வெறும் நாற்றம்தான் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் சின்னம்மா தீக்குச்சியைக் கிழித்துக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தார். "புப்" என்று ஒரு சத்தம். நீல நிறத்தில் சின்னதாக ஒரு சுவாலை, புகையே இல்லாமல். "அலமாக்!" என்று மலாயில் வியந்து கத்திவிட்டுச் சின்னம்மா சின்னப்பாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவருடைய பாராட்டெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அடுப்பில் வைத்த முதல் பண்டம் வரக்காப்பி. சாணி வாடை அடிக்கிறதா என்று ஏழு பேர் மோந்து பார்த்துவிட்டுக் குடித்தோம்.

அந்த வளாகத்தில் எதுவும் வீணாகப் போகாது. குளத்துத் தண்ணீரால் தொழுவத்தைக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் சாணியோடு தொட்டிக்குள் இறங்கும். காற்றைக் கொடுத்து முடித்த குழம்பு மறுபக்கம் வழிந்து கத்தரிப் பாத்திக்குப் போகும். பாத்தியில் மிஞ்சியது குளத்துக்கு வரும், அதில் பாசி பிடிக்கும், பாசியைத் திலாப்பியா மீன் தின்னும். "ஒரு வாளித் தண்ணி நாலு வேல செஞ்சிட்டுத்தான் ஓடைக்குப் போவணும். சும்மா போறதுக்கு அது என்ன துரை வீட்டுத் தண்ணியா?" என்பார் சின்னம்மா. பிற்காலத்தில் நீர், உணவு, எரிசக்தி மூன்றையும் ஒன்றாக நிர்வகிப்பது பற்றிப் பெரிய பெரிய கருத்தரங்குகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அந்தத் தொட்டியில் இடமில்லை. சோப்பு போகக்கூடாது என்று தவுக்கே முதல் நாளே சொல்லியிருந்தார். சோப்பு போனால் உள்ளே இருக்கிற உயிர் செத்துவிடும், காற்று வராது. அதற்காகச் சின்னம்மா துணி துவைக்கும் கல்லிலிருந்து வாழைமரங்கள் வரைக்கும் தனி வாய்க்கால் ஒன்றைத் தம் கையாலேயே வெட்டினார். சின்னப்பா அன்று வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்து, "நேரா வெட்டத் தெரியாதா? பாம்பு மாதிரி போவுதே" என்றார். "தண்ணி போவுதா இல்லையா? அத மட்டும் பாருங்க" என்றார் சின்னம்மா.

மழைநாளில் அடுப்பு சோம்பிப் போகும். அப்போது பிள்ளைகளுக்கு வேலை வரும். "டேய், ஓடிப் போய்ப் பீப்பாய் மேல உக்காருங்கடா!" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் கேட்கும். நாங்கள் மூன்று நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் பாரத்தில் காற்று அழுத்தமாகப் போய்ச் சுவாலை நிமிரும். உங்களில் சிலரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரும்பு வெதுவெதுப்பாக இருக்கும். கீழே களக் களக் என்று சத்தம் வரும். யாராவது அந்த நேரம் பார்த்து வாயு விட்டால் சிரித்துச் சிரித்துப் பீப்பாயே ஆடும். "அதையும் குழாய்க்குள்ள விடுங்கடா, ஒரு தோசைக்காவது ஆவும்" என்பார் சின்னம்மா.

எனக்கு அந்த இடம் சொர்க்கம். ஆனால் பள்ளியில் நரகம். விடிந்ததும் லயத்து வாசல்களில் கிடக்கும் சாணியை வாளியில் அள்ளிக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. ஆசைப்பட்டுச் செய்தேன். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வாடை நிற்கும். வகுப்பில் பையன்கள் எனக்குக் "கேஸ்" என்று பெயர் வைத்தார்கள். நான் உள்ளே வந்தால் ஒருவன் தீக்குச்சி கிழிப்பதுபோல் பாவனை செய்வான், மற்றவர்கள் "புப்!" என்பார்கள். வகுப்புத் தலைவன் நான்தான். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த வருடம் மழை ஓயாமல் பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் ஊறிப்போயிற்று. லயத்தில் பதினெட்டு வீடுகளிலும் புகை. சின்னம்மா வீட்டில் மட்டும் நீலச் சுவாலை. பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. லயத்தில் மொத்தம் இருபதுக்கு மேல் மாடு இருக்கிறது, எல்லாச் சாணியையும் ஒன்றாகப் போட்டுப் பெரிய தொட்டியாகக் கட்டினால் எல்லா வீட்டுக்கும் குழாய் விடலாம் என்றார். துரையிடம் பேச வேண்டியவர் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். மண்டோர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"மாட்டுப் பொங்கலுக்கு உன் அடுப்புல பானைய வையி. எல்லாரும் பார்க்க பொங்கட்டும். அப்புறம் நான் துரைகிட்ட பேசறேன்."

தலைமையாசிரியரும் வருவதாகச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தலைமையாசிரியர் வந்தால் பையன்களும் வருவார்கள். தொழுவம் நாறும். "புப்" என்பார்கள், அதுவும் சின்னப்பா முன்னால்.

மாட்டுப் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு ஒரு மத்தியானம். பள்ளிக் கழிவறைக்கு ஊற்றும் பினாயில் புட்டிகள் இருந்த அறையின் சாவி வகுப்புத் தலைவனாகிய என்னிடம் இருந்தது. ஒரு முழுப் புட்டியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சின்னப்பா பட்டறையில் இருந்தார். சின்னம்மா விறகுக்குப் போன என் அம்மாவுக்குத் துணையாகக் காட்டோரம் போயிருந்தார். தொழுவத்துத் தரை முழுவதும் பினாயிலை ஊற்றித் தென்னந் துடைப்பத்தால் தேய்த்தேன். தண்ணீர் பட்டதும் அது பால் போல வெளுத்தது. எவ்வளவு சுத்தம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. வெள்ளைத் தண்ணீர் வழக்கமான கழிவுநீர்க் காணில் ஓடித் தொட்டிக்குள் இறங்கியதை நின்று பார்த்தேன். சோப்பு கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பினாயிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காலிப் புட்டியை ஓடையில் எறிந்தேன். சற்று நேரத்தில் மழை அடித்துப் பெய்து வாடையையும் கொண்டுபோய்விட்டது.

சின்னம்மா திரும்பி வந்து தொழுவத்தைப் பார்த்து அசந்துபோனார். "அடேங்கப்பா! யாரு, நீயா கழுவுன? பாருங்க, நம்ம வீட்டுப் பையனுக்குப் பொறுப்பு வந்துருச்சு" என்று எல்லாரிடமும் சொல்லி எனக்கு இரண்டு ஆமவடை கூடுதலாகக் கொடுத்தார். தின்றேன்.

மறுநாளிலிருந்து பீப்பாய் எழவில்லை. "மழக் குளிர்லா. வெயில் வந்தா சரியாயிடும்" என்றார் சின்னப்பா. இருக்கும் காற்றைப் பொங்கலுக்குச் சேமிக்க வேண்டும் என்று சின்னம்மா மூன்று நாளும் செம்பனை மட்டையில் சமைத்துக் கண் சிவந்து நின்றார்.

மாட்டுப் பொங்கலன்று மழை விட்டிருந்தது. தொழுவத்துக்குப் பக்கத்தில் குழாயை நீட்டி அடுப்பு வைத்திருந்தார்கள். மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலை. லயமே திரண்டு நின்றது. மண்டோருக்கும் தலைமையாசிரியருக்கும் நாற்காலி. சின்னம்மா புதுப்பானையில் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். நீலச் சுவாலை நிமிர்ந்தது. கூட்டத்தில் "ஓ" என்று ஒரு சத்தம். பையன்கள் யாரும் "புப்" சொல்லவில்லை. தலைமையாசிரியர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அந்த ஐந்து நிமிடம் என் வாழ்க்கையில் நான் அடைந்த பெருமைகளிலேயே பெரியது.

பாலில் ஓரமாக நுரை கட்ட ஆரம்பித்தபோது சுவாலை குட்டையாயிற்று.

"டேய், ஏறி உக்காருங்கடா!"

ஓடிப் போய் ஏறினோம். நீலம் ஒரு முறை நிமிர்ந்தது. ஆனால் எனக்குக் கீழே பீப்பாய் இறங்கிக்கொண்டே இருந்தது. களக் களக் சத்தம் இல்லை. கடைசியில் தொட்டியின் அடியில் போய் 'ணங்' என்று முட்டியது. அங்கிருந்து அடுப்பைப் பார்க்க முடியவில்லை. கூட்டத்தின் முகங்களைப் பார்த்தே அணைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சின்னம்மா குழாயைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மண்டோர் சொன்னார்: "என்னய்யா, மாட்டுப் பொங்கலுன்னு உன் மாடு லீவு போட்டுருச்சா?"

சிரிப்பு வெடித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை, உண்மையிலேயே நல்ல நகைச்சுவைதான் அது. ஆனால் பின்னாலிருந்து ஒரு கிழவி, "பொங்காத பானைய மாட்டுக்கு எப்படிப்பா படைப்ப? நல்லதுக்கில்ல" என்றதும் சிரிப்பு நின்றது. என் அப்பா ஈர விறகைக் கொண்டுவந்து மூட்டினார். புகையில் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, வெகுநேரம் கழித்துப் பால் பொங்கியது. பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தவுக்கே வந்தார். தொட்டியிலிருந்து ஒரு குச்சியில் குழம்பை எடுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "சுடா மாத்தி" என்றார். உள்ளே இருந்ததெல்லாம் செத்துவிட்டது. சோப்பு ஏதோ போயிருக்க வேண்டும், எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்றார்.

சின்னப்பா திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தார். "பொங்கலுக்குன்னு திரைச்சீலையெல்லாம் தொவச்சியே. எங்க ஊத்துன?"

"எங்க ஊத்துவேன்? என் வாய்க்கால்லதான்."

"அவசரத்துல இந்தப் பக்கம் சாய்ச்சியா?"

"என்ன பேசறீங்க? நானா சாய்ப்பேன்? பையன்தான் தொழுவத்தக் கழுவுனான். அவனையும் கேளுங்க."

சின்னப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கோபமே இல்லாமல் கேட்டார். "கழுவறப்ப சோப்பு போட்டியாடா?"

"இல்ல சின்னப்பா. சோப்பு போடல."

நண்பர்களே, அது பொய் இல்லை. சோப்பு நான் போடவில்லை. அந்த ஒரு நொடியில் பால் போல ஓடிய வெள்ளைத் தண்ணீர் என் கண்ணில் தெரிந்துவிட்டது. எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொன்னேன். பன்னிரண்டு வயதில் எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்திருக்கிறது.

"பாரு, அவன் போடல" என்றார் சின்னப்பா.

"அப்ப நான்தான் போட்டேங்கறீங்க?"

"வேற யாரு இருக்கா?"

சின்னம்மா வாளியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார். அதற்குமுன் அவர் பதில் சொல்லாமல் போய் நான் பார்த்ததில்லை.

தொட்டியை மீண்டும் தொடங்கச் சின்னப்பாவுக்கு மனம் வரவில்லை. மழை முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடினார். மண்டோர் துரையிடம் பேசவில்லை. லயம் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியது. அதற்குக் கொடுக்க முடியாதவர்கள் காட்டோரம் நடந்தார்கள். அடுத்த வருடம் சின்னப்பா சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய், வாரம் ஒருமுறை வரும் மனிதராக ஆனார். மாடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

சின்னப்பா கெட்டவர் இல்லை. அவர் சின்னம்மாவை அதன்பின் ஒரு நாளும் திட்டவில்லை. மன்னித்துவிட்டார். அதுதான் கொடுமை என்று இப்போது தோன்றுகிறது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "எங்க வீட்டம்மா ஒரே ஒரு சோப்புக் கட்டியில ஒரு கேஸ் கம்பெனியையே மூடிட்டாங்க" என்பார். எல்லாரும் சிரிப்போம். முதல் பத்து வருடம் சின்னம்மா, "நான் ஊத்தல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் சிரித்தோம். பிறகு அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். அவருடைய பிள்ளைகளும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். நானும் சிரித்தேன். என் கல்யாணத்தில்கூடச் சின்னப்பா அதைச் சொன்னார். மாலையும் கழுத்துமாக நின்று சிரித்தேன்.

நான் வேதியியல் ஆசிரியராக ஜோகூர் பாருவில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். சாண எரிவாயுத் தொட்டியைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "சார், அதுல கிருமிநாசினி விழுந்தா?" "நுண்ணுயிரெல்லாம் செத்துடும்மா" என்று சொல்லிவிட்டு, எழுதியதை அழிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். சின்னப்பா அப்போது உயிரோடு இருந்தார். அரை மணி நேரப் பயணத்தில் உலு திராமில் இருந்தார். போகவில்லை. சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். எட்டு வருடத்துக்கு முன் அவர் காலமாகும்வரை எத்தனையோ சனிக்கிழமைகள் வந்தன.

போன மாதம் சின்னம்மாவிடம் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் பார்வை மங்கல், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. முன்கூடத்தில் பயற்றங்காயை ஒடித்துக்கொண்டிருந்தார். பினாயில் புட்டியிலிருந்து, "சோப்பு போடல" வரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை.

"பினாயிலா?" என்றார்.

"ஆமா சின்னம்மா."

"அன்னிக்கு உனக்கு ரெண்டு வடை கூடக் குடுத்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் ஒரு பயற்றங்காயை ஒடித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இத எதுக்கு என்கிட்ட வந்து சொல்ற? நான் ஊத்தலன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அம்பது வருஷமாத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

"சின்னப்பா இல்லையே, சின்னம்மா."

"அவரு இல்ல. அவரு அப்படியே நெனச்சிக்கிட்டுப் போயிட்டாரு." பயற்றங்காய் ஒடித்த கை அந்த இடத்தில் மட்டும் நின்றது. "மத்தவங்க இருக்காங்கல்ல? என் பிள்ளைங்க இருக்கு. தோட்டத்து ஆளுங்க இருக்காங்க. புத்தகம் போடறாங்கன்னியே, அதுல எழுது. வாத்தியாரு மாதிரி சுத்தி வளைக்காம எழுது. எம் பேரு வேணாம், சின்னம்மான்னு போட்டாலே எல்லாருக்கும் தெரியும். அந்தளவுக்குத்தான் பண்ணி வச்சிருக்கீங்களே." பிறகு உள்ளே பார்த்து, "இவனுக்குத் தேத்தண்ணி போடும்மா, சீனி கம்மி, அவனுக்கு இனிப்பு நீர் லா" என்றார்.

தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்பதற்கு வாயும் வரவில்லை.

ஒன்றுகூடலுக்குச் சின்னம்மா வருகிறார். மகள் அழைத்து வருவாள், முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். யாருக்காவது அந்தப் பழைய சிரிப்பு வந்தால் தயவுசெய்து அவர் பக்கம் திரும்ப வேண்டாம். நான் வாசலை ஒட்டிய கடைசி நாற்காலியில் இருப்பேன். என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.